ஒரு குரல் பாக்கி

இல்லைங்கய்யா, நிக்கல. போயிட்டுத்தான் இருக்கோம். நடு ஆத்துல தண்ணி இழுப்பு ஜாஸ்தி, அதான் உங்களுக்கு நின்ன மாதிரி தெரியுது. அந்தக் கயித்த நீங்க புடிக்காதீங்க, கை உரிஞ்சிரும். இது என் வேலை. பதினாலு வருஷமா இந்தக் கயித்தப் புடிச்சுத்தான் இந்த ஓடத்த அக்கரைக்கும் இக்கரைக்கும் இழுத்துட்டிருக்கேன். என் உள்ளங்கையப் பாருங்க, செருப்புத் தோலா ஆயிருச்சு. உங்களுது கடிதாசி பிரிச்சுக் குடுத்த கை. உக்காருங்க. அந்தக் குதிரைய மட்டும் கொஞ்சம் தட்டிக் குடுங்க, மெரளுது பாருங்க.

தெரியுதுய்யா, அவசரம்னு தெரியுது. இன்னிக்கு மூணாம் நாளு, ஓட்டுக்குக் கடைசி நாளு. பொழுது எறங்கிட்டா ஷெரிஃபு கோர்ட்டுக் கதவச் சாத்திருவாரு. அப்புறம் யாரு போய்த் தொண்டை கிழியக் கத்தினாலும் ஓட்டு கெடையாது. இத எனக்கு நீங்க சொல்லணுமா? திங்கக்கெழமையிலருந்து நம்ம கரை ஆளுங்க அத்தனை பேரையும் நான்தானே கொண்டு போய் விட்டேன். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நேத்தே வருவீங்கன்னு பாத்தேன். வரல. முந்தாநாளும் வரல. சரி, பெக்வித் ஐயா இந்த வாட்டி வீட்டோட இருந்துக்குவாரு போலன்னு நாங்க எல்லாரும் நிம்மதியா இருந்தோம்.

ஏன்னு கேக்கறீங்களா? சும்மாதான் சொன்னேன்.

ஐயான்னு கூப்புடறது உங்களுக்கே கூச்சமா இருக்கா? ஷெரிஃபு கில்கி என்னைத் திட்டறாரு. டேய் ஜெப்தா, ஜெனரல் ஜனாதிபதியா வந்த பெறகு எவனும் எவனுக்கும் ஐயா கெடையாதுடா, எல்லாரும் சமம்டான்னு. வெள்ளைக்கார ஆம்பளையாப் பொறந்தாப் போதும், சமம். கறுப்பு ஆளுங்களுக்குக் கெடையாது, பொம்பளைங்களுக்குக் கெடையாது, செவ்விந்தியங்களுக்குக் கெடையவே கெடையாது. மிச்சம் எல்லாரும் சமம். ஆனா உங்களப் பாத்தா எனக்கு வாயில ஐயாதான் வருது. பழக்கதோஷம். பதினெட்டு வருஷம் நீங்க போஸ்ட்மாஸ்டரா இருந்தீங்க, எங்கப்பன் செத்த சேதியே உங்க கைலருந்துதான வந்துச்சு. நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க. ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன், ரெண்டு வாட்டியும் படிச்சீங்க. நான் எதையும் மறக்கறவன் இல்ல.

அந்த வேலை எனக்கு வந்ததுல உங்களுக்கு வருத்தம் இருக்கும். இருக்கத்தான் செய்யும். இல்லன்னு சொல்லாதீங்க. எனக்கே சிரிப்பா இருந்துச்சு. ஜெனரல் ஜெயிச்ச மறு வருஷம் கில்கி வந்து, ஜெப்தா, இனிமே நீதான்டா போஸ்ட்மாஸ்டருன்னாரு. யோவ், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதேய்யான்னேன். அதனாலென்ன, படிச்சவனுங்க இத்தனை நாள் ஆண்டு கிழிச்சது போதும், கடிதாசியப் பைக்குள்ள போடறதுக்கும் எடுக்கறதுக்கும் கிரேக்கமா தெரியணும்னாரு. இப்ப எங்க வீட்டுல உப்புப் பன்னி வைக்கற பீப்பாயத் தேச்சுக் கழுவிட்டு அதுலதான் கடிதாசி எல்லாம் வச்சிருக்கோம். கெசியா, அதான் என் வீட்டுக்காரி, அவ ஓரளவுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பா. அவதான் யாருக்கு எதுன்னு பிரிச்சு வைப்பா.

சிரிங்க, பரவால்ல. ஊரே சிரிச்சுச்சு. ஆனா ஒண்ணு கேளுங்க. நாலு வருஷத்துக்கு முன்னால, மொத மொத ஜெனரலுக்கு ஓட்டுப் போடப் போனேன் பாருங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன். கோர்ட்டுக்குள்ள போனேன். மேசைக்குப் பின்னால ரெண்டு குமாஸ்தா, பெரிய புஸ்தகம். பக்கத்துல ஜெனரல் சார்பா வக்கீலு பெம்பர்டன் உக்காந்திருந்தாரு. அவர எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். இந்த ஓடத்துல எத்தனை வாட்டி வந்திருப்பாரு! ஒரு நாளு கூட என் மூஞ்சியப் பாத்ததில்ல. குதிரையப் பாப்பாரு, ஆத்தப் பாப்பாரு, என்னைப் பாக்க மாட்டாரு. ஷெரிஃபு என் பேரச் சத்தமாக் கூப்புட்டாரு. யாருக்குய்யா உன் ஓட்டுன்னாரு. ஜெனரலுக்குன்னு கத்தினேன். கூரை அதிருச்சு. ஒடனே அந்தப் பெம்பர்டன் எந்திரிச்சு நின்னு, தொப்பியக் கழட்டி, மிஸ்டர் ரக்கர், உங்களுக்கு என் மனமார்ந்த நன்றின்னாரு. மிஸ்டர் ரக்கர். அதுவரைக்கும் எனக்கு அப்படி ஒரு பேரு இருக்குன்னே எனக்குத் தெரியாது. வெளியில வந்து, ஜெனரல் பேருல நட்டு வச்சிருக்கற அந்த ஹிக்கரி மரக் கம்பத்துக்குக் கீழ நின்னு அழுதேங்கய்யா. வெக்கத்த விட்டுச் சொல்றேன், அழுதேன்.

அதனாலதான் சொல்றேன், எங்கள முட்டாப் பயலுகன்னு நெனைக்காதீங்க. அந்த மனுஷனுக்காக இந்த ஊரு கொலகூடப் பண்ணும்.

அட, பேச்சுக்குச் சொன்னேன்.

நீங்களும் அன்னிக்கு ஜெனரலுக்குத்தானே சொன்னீங்க? எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு நாலு ஆளு தள்ளி நின்னீங்க. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வாயாலதானே சொல்றோம், மூடி மறைக்கறதுக்கு இதுல என்ன இருக்கு. அதான் நம்ம கென்டக்கியோட பெருமை. வேற ஊருல சீட்டுல எழுதிப் பொட்டிக்குள்ள போடறானாம், திருட்டுப் பய மாதிரி. ஆம்பளைன்னா நாலு பேரு முன்னால நின்னு வாயத் தெறக்கணும்னு நீங்களே சொல்லிருக்கீங்க. உங்க கடை வாசல்ல நாங்க எல்லாரும் கேட்டுட்டிருந்தோம்.

இழுக்கறேங்க, இழுக்கறேன். கப்பி கொஞ்சம் சிக்குது. நனைஞ்ச கயிறு.

அக்கரையில சத்தம் கேக்குதா? பாட்டு. இன்னிக்கு ரெண்டு பன்னிய முழுசா வாட்டறாங்க. பர்கூ ஒரு கொப்பரை கொதிக்குது, அணிலு, முயலு, சோளம் எல்லாம் போட்டு. விஸ்கிய வாளியிலதான் வச்சிருக்காங்க, சொரைக்குடுக்கையில மொண்டு குடிக்கறான் அவனவன். ஏன் இவ்வளவு கொண்டாட்டம்னு உங்களுக்குத் தெரியுமா? இன்னும் யாரும் சொல்லலியா? ஐயா, நேத்து சாயங்காலம் கணக்குப் பாத்தாங்க. இருநூத்திப் பதினோரு பேரு ஓட்டுச் சொல்லியிருக்கான். இருநூத்திப் பதினொண்ணும் ஜெனரலுக்கு. அந்தப் புஸ்தகத்துல எதிர்ல நிக்கற செனட்டர் பேருக்குக் கீழ பக்கம் முழுக்க வெள்ளை. ஒரு கோடு இல்ல. கில்கிக்கு அதப் பாத்துக் கண்ணு கலங்கிருச்சு. நம்ம ஜில்லா மாதிரி ஒரு கவுண்டி இந்த நாட்டுலயே இருக்காது, ஜனங்க எல்லாம் ஒரே வாயாப் பேசிட்டாங்கன்னு, அந்தப் புஸ்தகத்தையே பிரதி எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பப் போறாரு. ஜெனரல் கையால தொட்டுப் பாக்கணுமாம்.

ஓபேத்தா? மில்லு ஓபேத்தா? ஆமா, திங்கக்கெழமை அவன் செனட்டருக்குச் சொன்னான். வாஸ்தவம். நான் அங்கதான் இருந்தேன். ஒரு பய சத்தம் போடல. அடிக்கல, திட்டல. எல்லாரும் அவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னோம், அவ்வளவுதான். அவன் வெளியில போற வரைக்கும் அவன் பூட்ஸு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரியே அவன் மில்லுக்குத் தண்ணி தேக்கற அணை ஒடைஞ்சிருச்சு. யாரு ஒடைச்சா? தண்ணி ஒடைச்சுச்சு. மழையே பெய்யலியேன்னா நான் என்ன சொல்லட்டும்? பொஞ்சாதி புள்ளைங்கள வண்டியில ஏத்திக்கிட்டு நேத்துக் காலையிலயே கெளம்பிட்டான், இன்டியானாப் பக்கம் அவன் மச்சான் இருக்கானாம். நான்தான் கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் வண்டிச் சக்கரத்தப் புடிச்சுட்டே நின்னான். அந்தக் கடைசிப் பொண்ணு மட்டும் பூனைய விட்டுட்டு வந்துட்டோம்னு அழுதுட்டே வந்துச்சு.

அப்புறம் குமாஸ்தா சொன்னாரு, ஊர விட்டே போயிட்டவன் ஓட்டு எப்படிச் செல்லும், இந்தக் கவுண்டியில குடியிருக்கறவனுக்குத்தானே ஓட்டுன்னு. சட்டம் அப்படித்தானாம். பேரு மேல ஒரு கோடு போட்டு அடிச்சாரு. பக்கம் மறுபடியும் வெள்ளையாயிருச்சு. அதான் இருநூத்திப் பதினொண்ணு.

உங்க மொகம் ஏன் இப்படி ஆயிருச்சு? கோபப்படாதீங்க. நான் ஓடக்காரன், பாத்ததச் சொல்றேன்.

உண்மையச் சொல்லவா? எனக்கும் சில நேரம் பயமாத்தான் இருக்கு. போன மாசம் அந்தக் கம்பத்துக்குக் கீழ உக்காந்து குடிச்சிட்டிருந்தப்ப, ஏன்டா, ஜெனரலுக்குப் பல்லெல்லாம் போயிருச்சாமே, பர்கூ எப்படிச் சாப்புடுவாருன்னு ஒரு வேடிக்கை பண்ணேன். முன்னெல்லாம் இதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பானுங்க. அன்னிக்கு ஒருத்தனும் சிரிக்கல. அவனவன் அடுத்தவன் மூஞ்சியப் பாத்தான். நானே எந்திரிச்சு, ஜெனரல் வாழ்கன்னு மூணு வாட்டி கத்தின பெறகுதான் கூட்டத்துக்கு மூச்சு வந்துச்சு. அன்னிலருந்து நானும் சிரிக்கறதுக்கு முன்னால பக்கத்துல பாத்துக்கறேன்.

உங்க கதை எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க ஏன் மாறினீங்கன்னும் தெரியும். உங்க பொண்ணு டிர்ஸா கடிதாசி போட்டிருந்துச்சுல்ல, செப்டம்பர் மாசம்.

எப்படித் தெரியுமா? அந்த அரக்கு தானா ஒடைஞ்சிருந்துச்சுங்க. பீப்பாய்க்குள்ள ஈரம். கெசியா எடுத்து வைக்கும்போது விரிஞ்சிருச்சு, கண்ணுல பட்டத வாய்விட்டுப் படிச்சுட்டா. அந்த நேரம் பாத்து கில்கியும் அங்க இருந்தாரு. வேணும்னு பண்ணல. நல்ல கையெழுத்துங்க உங்க பொண்ணுக்கு. கெசியாவே திக்காமப் படிச்சான்னாப் பாத்துக்கோங்க.

உங்க மருமகன் பாவம். ஜார்ஜியாவுல அந்தச் செரோக்கீச் செவ்விந்தியப் புள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததுக்கா ஒரு மனுஷனப் புடிச்சு ஜெயில்ல போடுவானுங்க? பெரிய கோர்ட்டே தப்புன்னு சொல்லிருச்சாமே. ஆனா ஜெனரல் அசைய மாட்டேங்கறாரு. அப்பா, நம்ம கவுண்டியில ஒரு குரலாவது எதிர்ல கேக்கணும், அது உங்க குரலா இருக்கணும்னு அந்தப் பொண்ணு எழுதியிருந்துச்சு. அந்த எடத்துல கெசியா நிறுத்திட்டா. அவளுக்குக் கண்ணுல தண்ணி. கில்கிதான், ம், மேல படின்னாரு. நீங்க பதில் எழுதினீங்க. கட்டாயம் சொல்றேம்மா, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றேன்னு. அதுவும் எங்க வீட்டுப் பீப்பாயத் தாண்டித்தானே போகணும்.

உக்காருங்கய்யா! ஓடம் ஆடுது. நவம்பர் தண்ணி, உள்ள விழுந்தா அஞ்சு நிமிஷம் தாங்காது. கத்தாதீங்க, அந்தப் பாட்டுல ஒண்ணும் கேக்காது. கேட்டாலும் வர மாட்டானுங்க.

நான் ஒங்களத் தடுக்கறேன்னு நெனைக்கறீங்க. நடு ஆத்துல வச்சுப் பொழுத ஓட்டறேன்னு. அதானே? அந்த மொறைப்பப் பாத்தாலே தெரியுது. இல்லைங்க. சூரியன் இன்னும் ஒரு மொழம் ஒசரத்துல இருக்கு. நான் நெனைச்சா எம்பது இழுப்புல அக்கரையத் தொட்டுருவேன். தொட்டுட்டு நானே குதிரையப் புடிச்சு எறக்கி விடறேன். போங்க, தாராளமாப் போய்ச் சொல்லுங்க. வழியில யாரும் உங்க மேல கை வைக்க மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. அதுக்கு முன்னால உங்க காதுல ஒண்ணு போட்டு வைக்கணும். அதுக்குத்தான் இந்தக் கயிறு சிக்குது, கப்பி சிக்குதுன்னு அளந்துட்டு வர்றேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

ஒங்க சைலஸு போன வாரம் எங்க வீட்டுக்கு வந்தான். ஆமா, உங்க புள்ளதான். அவன் பொகையிலைக் கெடங்குல தரம் பாக்கற வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சுல்ல, அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே கில்கிதான், உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டான். வந்தவன் வாசல்லயே நின்னான். மாமா, எங்கப்பா போய் எதிர்ல சொன்னா என்ன ஆகும்னு கேட்டான். அப்ப ஓபேத்து கதை நடக்கவே இல்ல. ஆனா அவனுக்கே தெரிஞ்சிருக்கு. நாலு புள்ளைங்கள வச்சிருக்கேன் மாமா, அப்பாவுக்கும் ஒண்ணும் ஆயிரக் கூடாது, எதாவது வழி சொல்லுங்கன்னு அழுதான். முப்பத்திரெண்டு வயசு ஆம்பளை. நான்தான் கில்கிகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவருதான் ஒரு வழி சொன்னாரு.

இன்னிக்குக் காலையில, ஒரு பத்து மணி இருக்கும், நான் கோர்ட்டுக்குள்ள போனேன். இதே சட்டைதான், இதே சேத்துப் பூட்ஸுதான். மேசை முன்னால போய் நின்னேன். ஷெரிஃபு, பேருன்னாரு. லெமுவேல் பெக்வித்துன்னேன்.

ஆமா. உங்க பேருதான்.

யாருக்கு ஓட்டுன்னாரு. ஜெனரலுக்குன்னேன். உள்ள ஒரு அறுவது பேரு இருந்திருப்பான். உங்க கடையில உக்காந்து நீங்க பேப்பர் படிக்கக் கேட்டவன், நீங்க கடிதாசி எழுதிக் குடுத்துப் பொண்ணு கட்டினவன், எல்லாரும். என்னையும் தெரியும், உங்களயும் தெரியும். ஒரு பய வாயத் தெறக்கல. ஷெரிஃபு சட்டப்படி கேக்கணும்ல, கேட்டாரு. இவர் லெமுவேல் பெக்வித்துதான்னு சத்தியம் பண்றவங்க யாராவது இருக்கீங்களான்னாரு. நாங்க பேசி வச்சது, குமாஸ்தாவோட தம்பி வந்து சொல்லணும்னு. அவனும் கெளம்பினான். அதுக்குள்ள பின்னாலருந்து சைலஸு வந்துட்டான். யாரும் அவன வரச் சொல்லல. அவனாத்தான் வந்தான். பைபிள் மேல கைய வச்சான். என்னை நேராப் பாத்தான். ஆமா, இவருதான் எங்கப்பான்னான்.

கொரலு நடுங்கவே இல்லங்க. நான்தான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

பெம்பர்டன் எந்திரிச்சு, தொப்பியக் கழட்டி, மிஸ்டர் பெக்வித், மனமார்ந்த நன்றின்னாரு. குமாஸ்தா எழுதிட்டாரு. மை காஞ்சிருச்சு. இப்ப இருநூத்திப் பன்னெண்டு.

ஏங்க, குதிரைய விட்டுறாதீங்க. திட்டணும்னா திட்டிக்கோங்க.

இன்னும் வெளிச்சம் இருக்கு, நான்தான் சொன்னேனே. நீங்க போய், நான்தான்டா பெக்வித்துன்னு கத்தலாம். உண்மைதானே. ஆனா அப்படிச் சொன்னா, காலையில பைபிளத் தொட்டவன் என்ன ஆவான்? பொய்ச் சத்தியத்துக்கு எத்தனை வருஷம்னு சட்டப் புஸ்தகம் படிச்ச உங்களுக்குத் தெரியாதா? மருமகன் ஒரு ஜெயில்ல, மகன் ஒரு ஜெயில்ல. கில்கி அதுக்கும் தயாராத்தான் இருக்காரு. அதச் சொல்லித்தான் என்னைய அனுப்பினாரு. டிர்ஸாவுக்கு என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க, சொல்லிட்டேம்மான்னே எழுதிக்கோங்க. கெசியா ஒழுங்கா அனுப்பி வைப்பா, அதுக்கு நான் பொறுப்பு.

கயிறு என் கைலதான் இருக்கு. நான் உங்கள ஒண்ணும் கட்டாயப்படுத்தல. சொல்லுங்கய்யா, எந்தக் கரைக்கு இழுக்கட்டும்?